பெரிய பணம் இல்லாமல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு: கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கும் அவருக்காக உழைக்க வருபவர்களுக்கும்

டெக்சாஸில் வீடு வாங்கி, குடியுரிமையும் பெற்றுவிட்ட நம் ஆட்கள் பலருக்கு வாஷிங்டன் அரசியல் விரல் நுனியில் இருக்கும். தங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதி யார் என்று கேட்டால் மட்டும் பெயர் வராது. ஆனால் சொத்து வரியில் எவ்வளவு விலக்கு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம், துப்பாக்கி வைத்துக்கொள்ள என்ன விதி, கருக்கலைப்புக்கு என்ன சட்டம் என்பதெல்லாம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில்தான் முடிவாகிறது. குறைந்த வரி, சிறிய அரசு, குடும்பத்துக்கும் இறைநம்பிக்கைக்கும் மதிப்பு என்று நினைப்பவர்கள் அந்த அவையில் உட்கார வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குக் கோடீஸ்வரராக இருக்கத் தேவையில்லை. முறை தெரிந்திருக்க வேண்டும், நடக்கத் தெம்பு வேண்டும்.

குடியரசுக் கட்சி சார்பில் மாநிலக் கீழவைக்கு நிற்க நினைப்பவருக்கும், அப்படி நிற்கும் ஒருவருக்குக் கைகொடுக்க நினைப்பவருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் வாக்குக் கணக்கு

டெக்சாஸ் கீழவையில் 150 தொகுதிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு தொகுதிக்குச் சுமார் 1.94 லட்சம் பேர். இதைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு கன்சர்வேட்டிவ் வேட்பாளர் முதலில் ஜெயிக்க வேண்டியது நவம்பர் தேர்தலை அல்ல, மார்ச் மாதம் நடக்கும் கட்சி முதன்மைத் தேர்தலை. இங்கே எல்லாரும் அதை பிரைமரி என்றே சொல்கிறோம். 2024 நவம்பரில் குடியரசுக் கட்சி 88 இடங்களைப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலான இடங்களில் மார்ச் மாதமே முடிவு தெரிந்துவிட்டது.

அந்த 2024 பிரைமரியில் பதிவு பெற்ற வாக்காளர்கள் ஏறக்குறைய 1.79 கோடி. குடியரசுக் கட்சி பிரைமரியில் வாக்களித்தவர்கள் சுமார் 23 லட்சம். அதை 150 ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு தொகுதிக்கு 15,500 பேர்தான். இருவர் மட்டும் மோதினால் எட்டாயிரம் வாக்குக்குப் பக்கத்தில் வாங்குபவர் வெற்றி பெறுகிறார். தொகுதிக்குத் தொகுதி இது மாறும். உங்கள் தொகுதியின் பழைய முடிவுகளை எடுத்து, இந்தக் கணக்கை முதல் நாளே போட்டு வையுங்கள்.

வித்தியாசம் எவ்வளவு சிறிதாக இருக்கும் என்பதற்கு டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள 2ஆம் தொகுதியைப் பாருங்கள். 2024 ஜனவரி இறுதியில் நடந்த இடைத்தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஜில் டட்டன், பிரென்ட் மணியை நூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்கடித்தார். ஐந்து வாரம் கழித்து மார்ச் பிரைமரியில் அதே இருவர் மோதினார்கள். இந்த முறை மணி ஜெயித்தார். தொகுதி அதே, வேட்பாளர்கள் அதே, இருவரும் ஒரே கட்சி. யார் ஆதரவாளர்கள் எந்த நாளில் சாவடிக்கு வந்தார்கள் என்பதில் வந்த மாற்றம் அது. வீடு வீடாகப் போய் உழைப்பவர்களுக்கு இடம் இருப்பது இங்கேதான்.

நிற்கத் தகுதி, தாங்கும் சக்தி

அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பிறப்பால் வந்ததா, பின்னால் பெற்றதா என்ற பேதம் இல்லை. வயது 21. டெக்சாஸில் 2 ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு அந்தத் தொகுதிக்குள் குடியிருந்திருக்க வேண்டும். வாக்காளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். வீடு மாறும் எண்ணம் இருந்தால் தொகுதி வரைபடத்தைப் பார்த்துவிட்டு மாறுங்கள். ஒரே நகரத்திலேயே தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும்.

சம்பளம் மாதம் 600 டாலர். கூட்ட நாட்களுக்குப் படி தனி. சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கி 140 நாள் கூடும். ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டினால் அதற்கும் போக வேண்டும். 2025 கோடையில் அப்படி இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஐந்து மாதம் ஆஸ்டினில் இருப்பதை உங்கள் வேலையும் வீடும் தாங்குமா என்பதைத் துணைவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் மனசார ஒப்புக்கொள்ளாத தேர்தலில் இறங்க வேண்டாம் என்பேன். குடும்பம்தான் அடிப்படை என்று மேடையில் பேசப் போகிறவருக்கு இது சொந்த வீட்டிலேயே பொருந்த வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

நம் ஆட்களில் பாதிப்பேர் தெரியாமலே மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இது. எச்1பி, எல்1 போன்ற விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. மாநிலத் தேர்தல், நகராட்சித் தேர்தல் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கைக்காசு போட்டுத் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கொடுப்பதும் நன்கொடைக் கணக்கில்தான் வரும். ஆனால் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உழைக்கலாம். கதவு தட்டலாம், போன் செய்யலாம், பலகை நடலாம். பணம் எங்கே செலவாக வேண்டும் போன்ற முடிவுகளில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம், உழைக்கலாம். வாக்களிக்கக் கூடாது, வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. யாராவது படிவத்தை நீட்டினால், ஓட்டுநர் உரிம அலுவலகத்திலேயே கேட்டாலும், ‘நான் குடிமகன் இல்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தவறிப் பதிவானால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும். உங்கள் குழுவில் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். சங்கடப்பட்டுச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஒரு வருடம் முன்பே கட்சிக்குள்

திடீரென்று மனு போட்டுவிட்டு ‘நான் கன்சர்வேட்டிவ்’ என்று வந்து நிற்பவரை இங்குள்ள கட்சிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாதது நியாயமும்கூட. உங்கள் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் மாதிரியான பிரிவு) கட்சி மாதக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். உள்ளூர்க் குடியரசுக் கட்சி மகளிர் கிளப்பின் மதிய உணவுக் கூட்டத்துக்குப் போங்கள். கதவு தட்டுவது, சாவடியில் நிற்பது, தபால் ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் அந்த அம்மாக்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் வாக்குச்சாவடி வட்டத்துக்கு ‘பிரிசிங்க்ட் சேர்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. பல வட்டங்களில் அது காலியாகவே கிடக்கும். காலியாக இருந்தால் கவுண்டிச் செயற்குழு நிரப்பும். அதைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் உங்கள் தெருக்களில் யார் பிரைமரிக்கு வருகிறார்கள் என்பதை அதைவிட நன்றாகக் கற்றுத்தரும் இடம் வேறில்லை.

இன்னொருவரின் பிரசாரத்தில் ஒரு முறையாவது முழுதாக உழைத்துவிட்டு வாருங்கள்.

காகித வேலை: வரிசை முக்கியம்

பணம் வாங்கும் முன், செலவு செய்யும் முன், பிரசாரப் பொருளாளரை நியமிக்கும் படிவத்தை தேர்தல் பணக் கணக்குகளைக் கண்காணிக்கும் டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷனில் தாக்கல் செய்ய வேண்டும். உங்களையே நீங்கள் பொருளாளராக நியமிக்கலாம். ஆனாலும் கணக்கில் நிதானம் உள்ள வேறொருவர் இருந்தால் நல்லது. மனுவுக்கான கட்டணத்தைச் சொந்தக் காசில் கட்டுவதும் தேர்தல் செலவுதான். ஆகவே பொருளாளர் படிவம் முதலில், அடுத்து தனி வங்கிக் கணக்கு, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

வேட்புமனு கட்சியிடம் போகிறது, அரசு அலுவலகத்துக்கு அல்ல. தொகுதி ஒரே கவுண்டிக்குள் அடங்கினால் கவுண்டிக் கட்சித் தலைவரிடம், பல கவுண்டிகளில் பரவியிருந்தால் மாநிலக் கட்சித் தலைவரிடம். ஒற்றைப்படை ஆண்டின் நவம்பரில் தொடங்கி டிசம்பர் இரண்டாம் திங்கள் மாலை 6 மணியோடு முடிகிறது. கட்டணம் 750 டாலர். பணத்துக்குப் பதில் தொகுதி வாக்காளர்கள் 500 பேரின் கையெழுத்தோடும் மனு கொடுக்கலாம்.

750 டாலர் கட்ட வசதி இருந்தாலும் கையெழுத்து வழியைப் பாருங்கள் என்பது என் யோசனை. 500 கையெழுத்து என்றால் 500 வீட்டு வாசல். கையெழுத்துப் போட்டவர் உங்கள் பெயரை மறப்பதில்லை. ஒருவர் ஒரு பதவிக்கு ஒரு வேட்பாளரின் மனுவில்தான் கையெழுத்திடலாம் என்பதால், முதலில் போய்க் கேட்பவருக்கு அனுகூலம் உண்டு. தவறான முகவரி, தொகுதிக்கு வெளியே உள்ளவர் என்று சில அடிபடும். தேவைக்கு மேல் நன்றாகவே சேர்த்து வையுங்கள்.

மனுவில் உறுதிமொழி நோட்டரி முன்னால் எடுக்கப்பட வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்தரைக்கு நோட்டரி முத்திரை விடுபட்டது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பட்டியல்தான் பிரசாரம்

டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது. யாரும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். எந்தப் பிரைமரியில் வாக்களித்தார் என்பது பொதுப் பதிவு. கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பித்து அந்தப் பட்டியலை வாங்கலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை.

பட்டியலை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். குடியரசுக் கட்சிப் பிரைமரிக்குத் தவறாமல் வருபவர்கள் முதல் அடுக்கு. ஒரு முறை வந்து ஒரு முறை வராதவர்கள் இரண்டாவது. நவம்பரில் மட்டும் வாக்களித்து மார்ச்சில் எட்டிப்பார்க்காதவர்கள் மூன்றாவது. கையில் உள்ள ஆட்களும் நேரமும் குறைவு என்பதால், முதல் அடுக்கை முடிக்காமல் மூன்றாவதுக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு விலக்கு: நம் சமூகத்தில் குடியுரிமை பெற்றவர்கள் நிறையப் பேர் அந்த மூன்றாம் அடுக்கில்தான் இருக்கிறார்கள். பிரைமரி என்று ஒன்று நடப்பதே பலருக்குத் தெரியாது. தமிழில் ஒரு போன் போட்டு விளக்கினால் வருவார்கள். அந்த வேலையை வேட்பாளர் செய்ய வேண்டாம், தன்னார்வலர் செய்யட்டும்.

என்ன பேசுவது

கொள்கை எல்லாவற்றையும் வாசலில் கொட்டக் கூடாது. இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆனால் அந்த இரண்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

சொத்து வரி எல்லா வாசலிலும் வரும். வரி விகிதத்தை மாநிலம் நேரடியாக நிர்ணயிப்பதில்லை. பள்ளி மாவட்டம், கவுண்டி, நகராட்சி ஆகியவை நிர்ணயிக்கின்றன. சட்டமன்றம் செய்யக்கூடியது, பள்ளி வரியைக் குறைக்க மாநிலப் பணம் தருவது, விலக்கை உயர்த்துவது, உள்ளாட்சிகள் வரியை ஏற்றுவதற்கு வரம்பு போடுவது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு, பள்ளி வரியில், 2023இல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆனது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 1,40,000 ஆக்கினார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மொத்தம் 2,00,000. ‘வரியை ஒழிப்பேன்’ என்று வெறுமனே முழங்குபவரைவிட, இந்தக் கணக்கைச் சொல்லி அடுத்து என்ன செய்வேன் என்பவரை மக்கள் மதிப்பார்கள். அதோடு, விலக்குக்கு விண்ணப்பிக்காமலே வருஷக்கணக்கில் முழு வரி கட்டும் குடும்பங்களை நீங்கள் வாசலில் சந்திப்பீர்கள். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும், மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு வாருங்கள். வாக்கு கேட்காமலே அது வாக்காகும்.

பள்ளித் தேர்வுரிமை கன்சர்வேட்டிவ்களையே இரண்டாகப் பிரித்த விஷயம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை எதிர்த்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பலர் 2024 பிரைமரியில் ஆளுநர் கிரெக் அபாட்டின் எதிர்ப்பில் பதவி இழந்தார்கள். 2025இல் 100 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு சட்டம் நிறைவேறியது. பெற்றோரின் உரிமை என்று நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரே ஒரு அரசுப் பள்ளியைச் சுற்றி வாழும் கிராமத்து ஊர்களில் நல்ல கன்சர்வேட்டிவ்கள் மனசாட்சியோடு எதிர்த்தார்கள். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் எல்லா வாசலிலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அமைப்புகள் அனுப்பும் கேள்விப் படிவங்களும் வரும்: துப்பாக்கி உரிமை, கருவிலுள்ள உயிர், வரி, வேளாண்மை. ஆதரவு கிடைக்கும் என்பதற்காக நம்பாத ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறிக்காதீர்கள். ஜெயித்த பிறகு அந்தப் படிவத்தைத்தான் உங்கள் முன்னால் வைப்பார்கள்.

வாசலில்

பிரசாரத்தின் சூடான காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். இருட்டிய பிறகு யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். இங்கே அது வீட்டுக்காரரைத் திடுக்கிட வைக்கும், உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை. சனிக்கிழமை காலை பத்து முதல், ஞாயிறு தேவாலயம் முடிந்த பிறகு மதியம். இவைதான் நல்ல நேரம். இருவர் இருவராகப் போங்கள்.

மணி அடித்துவிட்டு இரண்டு மூன்று அடி பின்னால் வந்து நில்லுங்கள். பெயர், எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள், எதற்கு நிற்கிறீர்கள் என்பதை இருபது விநாடிக்குள் சொல்லிவிட்டு, ‘ஆஸ்டினில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நம் உச்சரிப்பைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். நிதானமாகப் பேசினால் போதும். தங்கள் கவலையை ஒருவர் முழுசாகக் கேட்டார் என்பதுதான் அவர்களுக்கு நினைவிருக்கும். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சட்டப்படி வரிசையில் நின்று, வேலை செய்து, குடியுரிமை பெற்ற கதை கன்சர்வேட்டிவ் வாக்காளரிடம் மதிப்புப் பெறும் கதை.

கிளம்பியதும் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்: நிச்சய ஆதரவு, சாய்வு, தெரியவில்லை, எதிர்ப்பு. அவர் சொன்ன கவலையை ஒரு வரியில் எழுதி, அன்றிரவே இரண்டு வரி கடிதம் கையால் எழுதி அனுப்புங்கள். யாரும் இல்லாத வீட்டில் துண்டுப்பிரசுரத்தைக் கதவில் செருகலாம். தபால் பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள். தபால்தலை இல்லாமல் அதில் எதையும் போடுவது கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம். ‘உள்ளே வராதே’ என்ற பலகை இருந்தால் மரியாதையாக அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பலகைகள்

பலகை வாக்களிப்பதில்லை என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. சாலையோரம் நட்ட பலகைக்கு அது சரி. ஒருவர் தன் வீட்டு முன்னால் வைக்கச் சம்மதித்த பலகை வேறு: பக்கத்து வீட்டுக்காரரிடம் அவரே பேசுவதற்குச் சமம். நெடுஞ்சாலை ஓர அரசு நிலத்தில் நடுவது குற்றம். அந்த எச்சரிக்கை வாசகம் பலகையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயரும் வேண்டும். குடியிருப்போர் சங்கம் தடுத்தால், தேர்தலுக்கு 90 நாள் முன்பிலிருந்து 10 நாள் பின்பு வரை, வேட்பாளருக்கு ஒன்று வீதம், சொந்த வீட்டு முற்றத்தில் பலகை வைக்கச் சட்டம் இடம் தருகிறது என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஃப்ரிஸ்கோ, பியர்லேண்ட் பக்கம் இந்த விளக்கம் அடிக்கடி தேவைப்படும்.

பணம்

தனிநபர் நன்கொடைக்குச் சட்டமன்ற வேட்பாளருக்கு டெக்சாஸில் உச்சவரம்பு இல்லை. எதிராளிக்குப் பல லட்சம் டாலர் வரலாம். அதைப் பார்த்து மலைக்காதீர்கள். உங்கள் செலவை அச்சு, தபால், பட்டியல், பலகை என்ற நான்குக்குள் அடக்கப் பாருங்கள். பதவியில் இருக்கும் உறுப்பினர் சட்டமன்றக் கூட்டக் காலத்தில் நன்கொடை வாங்க முடியாது. எதிர்த்து நிற்கும் புதியவருக்கு அந்தத் தடை இல்லை.

கம்பெனிக் காசோலை வாங்கக் கூடாது. உணவகம் நடத்தும் நண்பர் கம்பெனி கணக்கில் நூறு பேருக்குச் சாப்பாடு அனுப்பினாலும் அது கம்பெனி நன்கொடைதான். அவர் சொந்தப் பணத்தில் தரட்டும். மொய்க் கவர் மாதிரி ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கமும் இங்கே ஆகாது: ஓர் அறிக்கைக் காலத்தில் ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கக் கூடாது. ஜனவரி 15, ஜூலை 15 அரையாண்டு அறிக்கைகள். போட்டி இருந்தால் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் அறிக்கை. ரசீது வந்த அன்றே பதிவு செய்தால் இது பெரிய பாரம் இல்லை.

கோயிலும் தமிழ்ச் சங்கமும் பெரும்பாலும் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள். அவை எந்த வேட்பாளரையும் ஆதரித்து மேடையில் பேசக் கூடாது. பொங்கல் விழாவில் மைக் பிடித்து வாக்கு கேட்டு அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைக்கும் கூட்டம் என்றால் போகலாம். இல்லையென்றால் வரிசையில் நின்று பொங்கல் சாப்பிட்டு, நாலு பேரோடு தனிப்பட்ட முறையில் பேசிவிட்டு வாருங்கள்.

வாக்களிப்பு நாட்கள்

முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்கியதும் வேலையின் தன்மை மாறும். புதியவர்களை வற்புறுத்தும் காலம் முடிந்தது. நிச்சய ஆதரவாளர்களை வரவழைப்பது மட்டும்தான் இனி. யார் வாக்களித்துவிட்டார்கள் என்ற பட்டியலைக் கவுண்டி நாள்தோறும் வெளியிடும். அந்தப் பெயர்களை அடித்துவிட்டு மீதிப் பேருக்குப் போன் செய்யுங்கள். சாவடி வாசலிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் கூடாது. அடையாளக் கோட்டுக்கு வெளியே, பனி கொட்டினாலும், வேட்பாளர் நேரில் நிற்க வேண்டும். கை குலுக்கிய வேட்பாளரைப் பார்த்து மனம் மாறியவர்களை நான் அந்த வரிசைகளில் கண்டிருக்கிறேன். தேர்தல் நாளன்று கவுண்டியில் எந்தச் சாவடியிலும் போடலாமா, சொந்த வட்டத்தில்தான் போட வேண்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் விசாரித்து ஆதரவாளர்களுக்குச் சொல்லுங்கள். கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும்.

ஒருவரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இருவருக்கு மே மாத இறுதியில் இரண்டாம் சுற்று. வருகை வெகுவாகச் சரியும். 2024 மார்ச்சில் அப்போதைய கீழவைத் தலைவர் டேட் ஃபீலன், தன்னை எதிர்த்து நின்ற டேவிட் கோவிக்குப் பின்னால் இருந்தார். மே இரண்டாம் சுற்றில் 400க்கும் குறைவான வாக்கில் தப்பினார். மார்ச் பிரைமரிக்கு மறுநாள் தூங்கி எழுந்ததும் நிச்சய ஆதரவாளர் பட்டியலின் முதல் பெயரிலிருந்து மறுபடி போன் செய்யத் தொடங்குங்கள்.

முடிவு எதுவானாலும் பலகைகளை உடனே எடுத்துவிடுங்கள், உழைத்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். தோற்றிருந்தால் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு அன்றிரவே போன் செய்யுங்கள். எதிக்ஸ் கமிஷனில் இறுதி அறிக்கை தாக்கல் செய்யும்வரை அரையாண்டு அறிக்கைக் கடமை தொடரும், கணக்கில் ஒரு டாலர் இல்லாவிட்டாலும். மறுபடி நிற்கும் எண்ணம் இருந்தால் கணக்கை மூடாமல் வைத்து, ஜூலை 15 அறிக்கையை நேரத்துக்குக் கொடுங்கள்.